ரெண்டு பெடலுக்கு எத்தனை கால்?

எங்கள் மாமா முப்பத்திரண்டு வருஷம் லாரி ஓட்டினவர். கிருஷ்ணகிரியில் மாங்காய் ஏற்றிக்கொண்டு வடக்கே போவார், வெங்காயத்தோடு திரும்புவார். இடது முழங்கால் தேய்ந்துபோய், "இனிமே கிளட்ச் மிதிக்கிற வேலை வேண்டாம்" என்று டாக்டர் சொன்ன பிறகு, போன தை மாதம் கிளட்ச் பெடல் இல்லாத கார் ஒன்றை வாங்கினார். வாங்கின அன்றே என்னையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு தருமபுரி நாலு ரோட்டுப் பக்கம் வந்தார். முன்னால் போன ஆட்டோ வேகம் குறைந்தது. மாமாவும் மெதுவாக நிறுத்தப்போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, சுவரில் முட்டின மாதிரி வண்டி நின்றது. அத்தை மடியிலிருந்த தூக்குப்போசி கவிழ்ந்து சீட்டெல்லாம் மோர். பின்னால் வந்த டவுன் பஸ் எங்களை இடிக்காமல் விட்டது அந்த டிரைவர் செய்த புண்ணியம்.

"பிரேக் சரியில்ல மாப்ள. வெடுக்குனு புடிக்குது. ஷோரூம்ல சொல்லணும்" என்றார் மாமா.

நான் குனிந்து பார்த்தேன். பிரேக் மேல் இருந்தது அவருடைய இடது கால்.

காட்டிக் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் நியாயமாகத்தான் இருந்தது. "ரெண்டு பெடல் இருக்கு, ரெண்டு காலு இருக்கு. ஒரு காலு வேலை செய்ய, இன்னொரு காலு எதுக்கு சும்மா குந்திக்கிட்டிருக்கணும்?"

ஆட்டோமேட்டிக் கார் வாங்குகிற பாதிப்பேருக்கு முதல் வாரத்தில் இந்தக் கேள்வி வரும். யூடியூபில் தேடினால் இரண்டு கட்சியும் கிடைக்கும். வலது கால் மட்டும் போதும் என்று ஒரு கட்சி, இடது காலால் பிரேக் பிடித்தால் சீக்கிரம் நிற்கலாம் என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. ஆனால் "ஒரே கால்தான், கேள்வி கேட்காதே" என்று மிரட்டும் வாத்தியார்களோடு எனக்கு உடன்பாடில்லை. காரணம் தெரியாமல் பழகினால், அவசரத்தில் அந்தப் பழக்கம் கைவிட்டுவிடும். அதனால் கொஞ்சம் பொறுமையாகவே பார்ப்போம்.

முதலில் பெடல்கள். கியர் மாற்றி ஓட்டும் காரில் வலமிருந்து இடமாக ஏ, பி, சி என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லித் தருவார்கள்: ஆக்சிலரேட்டர், பிரேக், கிளட்ச். இடது காலுக்குக் கிளட்ச் மட்டும். மற்ற இரண்டும் வலது காலுக்கு. மாமா வாங்கினது ஏஎம்டி வகை. 2014-இல் மாருதி செலேரியோவோடு இந்தியாவுக்கு வந்த வகை அது. அதில் கிளட்ச் காணாமல் போய்விடவில்லை. உள்ளே அப்படியே இருக்கிறது, மிதித்து விடுகிற வேலையை மட்டும் ஒரு எந்திரம் செய்கிறது. ஆக, இடது கால் செய்துகொண்டிருந்த வேலை போய்விட்டது. வேலை போன கால் சும்மா இருக்காமல் பக்கத்துக் கடைக்கு வேலைக்குப் போனதுதான் நாலு ரோட்டில் நடந்த கதை.

அந்தக் கால் ஏன் அப்படி மிதித்தது? கிளட்சும் பிரேக்கும் பார்க்க ஒரே மாதிரி பெடல்கள்தான், ஆனால் மிதிக்கும் கணக்கு வேறு. கிளட்சில் முக்கியம் தூரம். கடைசி வரை அமுக்க வேண்டும், அமுக்கினால் போதும். எவ்வளவு வேகமாக அமுக்கினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. நிதானம் தேவைப்படுவது காலை எடுக்கும்போதுதான். பிரேக்கில் முக்கியம் அழுத்தம். பெடல் சில அங்குலம்தான் இறங்கும், அதற்குப் பிறகு எவ்வளவு பாரம் கொடுக்கிறோமோ அவ்வளவு பிடிக்கும். போதாததற்கு, நம் கால் கொடுக்கும் அழுத்தத்தைப் பல மடங்காக்கிக் கொடுக்கும் பூஸ்டர் ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது. கிளட்ச் தாழ்ப்பாள் மாதிரி, தள்ளினால் தீர்ந்தது. பிரேக் மூக்கணாங்கயிறு மாதிரி. எவ்வளவு இழுத்தால் மாடு எவ்வளவு திரும்பும் என்பது வருஷக்கணக்கில் பிடித்த கைக்குத்தான் தெரியும். மாமாவின் வலது காலுக்கு அந்த ஞானம் முப்பத்திரண்டு வருஷம் ஊறிக் கிடக்கிறது. இடது காலுக்குத் தாழ்ப்பாள் தள்ளத்தான் தெரியும். தெரிந்ததைச் செய்தது.

இது கால் சமாச்சாரம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நம் பக்கம் வீட்டுக்கு வீடு நடந்த கதை ஒன்று உண்டு. ஸ்ப்ளெண்டர் ஓட்டிப் பழகினவர், மனைவியின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போவார். திருப்பத்தில் கியர் குறைக்கிற நினைப்பில் இடது கை தானாக லிவரைப் பிடிக்கும். பைக்கில் அது கிளட்ச், ஸ்கூட்டியில் பின் சக்கரப் பிரேக். மண் ரோடாக இருந்தால் வண்டி வழுக்கி, பால் சட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் லட்சக்கணக்கில் ஸ்கூட்டர் செய்கிற மாவட்டத்தில் இந்த மாதிரி விழுந்து எழுந்தவர்கள் நிறைய இருப்பார்கள், வெளியே சொல்வதுதான் இல்லை.

பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருக்கும். எங்கள் பெரியப்பா அதிலேயே இருபது வருஷம் ஓட்டிவிட்டு வேறு பைக்குக்கு மாறினபோது, நிறுத்தவேண்டிய இடத்திலெல்லாம் இடது காலால் கியரை அமுக்கிக்கொண்டிருந்தார். கேட்டால் "காலுக்குச் சொல்லியிருக்கேன், அது கேக்க மாட்டேங்குது" என்பார். நாய் குறுக்கே வரும்போது நாம் யோசித்து மிதிப்பதில்லை. மூளை விழித்துக்கொள்வதற்குள் கால் மிதித்து முடித்திருக்கும். பழகின கால் எது என்பதுதான் அந்த நேரத்தில் பேச்சு.

சரி, இடது காலையும் பழக்கிவிட்டால்? பழக்கலாம். சில வாரம் ஒழுங்காகப் பயிற்சி எடுத்தால் இடது காலும் மெதுவாகப் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொள்ளும். மாமா கேட்டதும் அதுதான். அதற்குமேல்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது, நான் ஒற்றைக்கால் கட்சியில் இருப்பதும் அதற்காகத்தான்.

வலது கால் ஒன்றே இரண்டு பெடலுக்கும் என்றால், அதற்குள் ஒரு பூட்டு இருக்கிறது. பிரேக் பிடிக்க வேண்டுமானால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தே ஆகவேண்டும். ஒரே நேரத்தில் ஓடச் சொல்லி, நிற்கவும் சொல்ல முடியாது. இரண்டு காலையும் இரண்டு பெடலில் வைத்த அன்றைக்கு அந்தப் பூட்டைத் திறந்து வைத்துவிட்டோம். ஒருவன் திடீரென்று திடுக்கிட்டால் உடம்பு என்ன செய்கிறது? இரண்டு காலும் விறைத்துக்கொண்டு முன்னால் உதைக்கும். வண்டி சடாரென்று வேகம் குறையும்போது உடம்பும் முன்னால் சரியும், அந்தப் பாரமும் காலில் வந்து இறங்கும். இடது கால் பிரேக்கை உதைக்கிற அதே நொடியில் வலது கால் ஆக்சிலரேட்டரை உதைத்துக்கொண்டிருக்கும். பெரும்பாலான கார்களில் பிரேக்குக்கு எஞ்சினைவிட வலு அதிகம், கடைசியில் நின்றுவிடும். ஆனால் நிற்கிற தூரம் நீளும். குறுக்கே வந்த பையனுக்கும் நமக்கும் நடுவில் அந்த நீளம் இருக்கிறதா என்பது நம் கையில் இல்லை.

வலது காலை மட்டும் வைத்து ஓட்டுகிறவருக்கு இடது கால் சும்மா இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிளட்ச் இருந்த இடத்துக்கு இடப்பக்கம், பெரும்பாலான கார்களில் காலை ஊன்ற ஒரு சின்ன மேடை இருக்கும். அலங்காரத்துக்கு வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது இடது கால் அங்கே ஊன்றிக்கொண்டால் இடுப்பு சீட்டைவிட்டு நகராது, வலது காலின் அழுத்தம் கட்டுக்குள் இருக்கும். ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கவேண்டிய அவசியமும் வராது. மாமாவின் "எதுக்கு சும்மா குந்திக்கிட்டிருக்கணும்" என்ற கேள்விக்குப் பதில் அந்த மேடையில்தான் இருக்கிறது.

இனி எதிர்க்கட்சி சொல்வதையும் கேட்க வேண்டும். அவர்களுடைய பலமான வாதம் இது: வலது கால்தான் இரண்டு பெடலுக்கும் போய்வருகிறது, அதனால்தான் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிக்கிற விபத்தே வருகிறது. பிரேக்குக்கு இடது கால், ஓட்டத்துக்கு வலது கால் என்று நிரந்தரமாகப் பிரித்துவிட்டால் குழப்பத்துக்கே இடமில்லையே?

இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2019 ஏப்ரலில் ஜப்பானின் டோக்கியோவில் இக்கெபுகுரோ என்ற இடத்தில் எண்பத்தேழு வயதுக்காரர் ஒருவர் ஓட்டிய கார் கூட்டத்துக்குள் பாய்ந்து, ஒரு தாயும் சின்ன மகளும் இறந்தார்கள். கார்தான் கோளாறு என்று அவர் வாதாடினார். பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கிறார் என்று 2021-இல் நீதிமன்றம் முடிவு செய்து, ஐந்து வருஷம் சிறைத் தண்டனை விதித்தது. முதியவர்கள் நிறைந்த அந்த நாட்டில் பெடல் மாறி மிதிப்பது பெரிய பிரச்சினை. அதற்கு முன்பே, 1986-இல் அமெரிக்காவில் ஆடி 5000 என்ற கார் தானாகவே பாய்கிறது என்று தொலைக்காட்சியில் பெரிய சத்தம் கிளம்பி, அந்த நிறுவனத்தின் விற்பனையே படுத்துவிட்டது. அரசாங்கம் ஆராய்ந்து 1989-இல் அறிக்கை கொடுத்தபோது, பெரும்பாலும் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை மிதித்ததுதான் காரணம் என்று வந்தது. இன்றைக்கு நீங்கள் ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கை மிதிக்காமல் பார்க்கிங்கிலிருந்து கியரை எடுக்க முடியாது அல்லவா? அந்தப் பூட்டு உலகம் முழுக்கப் பரவினதற்கு அந்தக் கலாட்டாவும் ஒரு காரணம்.

ஆக, வலது கால் தப்பே செய்யாது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் இந்தத் தப்பு எப்போது நடக்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் வண்டியை எடுக்கும்போது, பார்க்கிங்கில் முன்னும் பின்னும் நகர்த்தும்போது, பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே ரிவர்ஸ் போகும்போது. இடுப்பு திரும்பினால் கால் நகரும், கால் நகர்ந்தால் பெடல் மாறும். இதற்கு மருந்து குதிகாலில் இருக்கிறது. வலது குதிகாலைப் பிரேக் பெடலுக்கு நேர் கீழே தரையில் ஊன்றிக்கொண்டு, ஆக்சிலரேட்டர் தேவைப்படும்போது பாதத்தின் முன்பகுதியை மட்டும் வலப்பக்கம் சாய்க்க வேண்டும். கால் தூக்கி வைக்கிற வேலையே இல்லை. கதவுக் கீல் மாதிரி குதிகால் அங்கேயே இருக்கும், பாதம் மட்டும் திரும்பும். ஒன்றும் செய்யாமல் கால் நேராக நின்றால் அது பிரேக் மேல்தான் நிற்கும். குள்ளமானவர்களுக்கும் சின்னப் பாதம் உள்ளவர்களுக்கும் இது முழுசாக எட்டாது, சீட்டை முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். மாமாவுக்கு லாரியில் காலை முழுசாகத் தூக்கி வைத்துப் பழக்கம், இந்தக் குதிகால் வித்தை வர அவருக்கு ரெண்டு வாரம் பிடித்தது.

அடுத்தது நேரக் கணக்கு. ஒரு பெடலிலிருந்து இன்னொன்றுக்குக் கால் மாறுவதற்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 22 மீட்டர். ஐந்தில் ஒரு நொடிக்கு நாலரை மீட்டர், ஒரு காரின் நீளத்துக்கும் கொஞ்சம் அதிகம். இடது கால் தயாராகப் பிரேக் மேலேயே இருந்தால் அது மிச்சம். கணக்கு சரி, மறுக்கவில்லை. ஆனால் ஆபத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளவே ஒரு நொடி போய்விடும், அதற்கே 22 மீட்டர். நல்ல காய்ந்த ரோட்டில் முழு பிரேக் பிடித்து நிற்க இன்னும் முப்பத்தைந்து மீட்டருக்கு மேல். இந்த ஐம்பத்தேழு மீட்டரில் நாலரையை மிச்சம் பிடிக்க வேறு வழியும் உண்டு, லாரி டிரைவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். பள்ளிக்கூடம், சந்தை, ஆடு மேய்கிற இடம் எது வந்தாலும் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, வலது காலைப் பிரேக் மேல் தொடாமல் காத்திருக்க வைப்பது. பாலக்கோடு ரோட்டில் தக்காளிக் கூடை ஏற்றின டெம்போ எந்த நேரத்தில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, அங்கே மாமாவின் கால் எப்போதும் இப்படித்தான் மிதக்கும். நாலரை மீட்டரும் மிச்சம், பூட்டும் பத்திரம்.

பந்தயக்காரர்கள் இடது காலால்தானே பிரேக் பிடிக்கிறார்கள் என்பார்கள். உண்மைதான். கோ-கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டியில் இடது காலுக்குப் பிரேக், வலது காலுக்கு ஆக்சிலரேட்டர், நடுவில் ஸ்டீயரிங் தண்டு. 2005-இல் இந்தியாவிலிருந்து முதல் ஆளாக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் காலத்திலேயே அந்தக் கார்களில் பெடல் இரண்டுதான், கிளட்ச் ஸ்டீயரிங்கின் பின்னால் கைக்கு வந்துவிட்டது. பின்லாந்து ராலி ஓட்டுநர்கள் வளைவில் ஆக்சிலரேட்டரை விடாமலே இடது காலால் பிரேக்கைத் தட்டி வண்டியின் மூக்கைத் திருப்புவார்கள். முன் சக்கரம் இழுக்கும் கார் பனியிலும் மண்ணிலும் வளைவில் நேராக ஓடப் பார்க்கும், அதைத் திருப்ப அது ஒரு வழி. ஆனால் அவர்கள் அதற்காகவே பயிற்சி எடுத்தவர்கள், உடம்பைச் சீட்டோடு இழுத்துக் கட்டியிருப்பார்கள், எதிரே டவுன் பஸ் வராது. அரூர் ரோட்டில் நமக்கு அந்தத் தேவை வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இந்த இடத்தில் டிராக்டரைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. டிராக்டரில் பிரேக் பெடலே இரண்டு, இரண்டும் வலது காலுக்கு. இடப்பக்கச் சக்கரத்துக்கு ஒன்று, வலப்பக்கச் சக்கரத்துக்கு ஒன்று. உழும்போது வயல் மூலையில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் பிடித்து நின்ற இடத்தில் திருப்பலாம். ரோட்டுக்கு வந்தால் இரண்டு பெடலையும் கொக்கி போட்டுச் சேர்த்துவிட வேண்டும். சேர்க்க மறந்து வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்க் கவிழும். கரும்பு ஏற்றிப்போகிற டிராக்டர்க்காரர்கள் அந்தக் கொக்கியைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். வயலுக்கு ஒரு முறை, ரோட்டுக்கு ஒரு முறை.

இரண்டு கால் பழக்கத்தில் இன்னொரு கெடுதல் உண்டு. ஒரு காலைப் பிரேக்குக்கென்றே ஒதுக்கிவிட்டால், அது பெடல் மேல் படுத்துக்கொள்ளும். அந்தரத்தில் தூக்கிவைத்துக்கொண்டு எத்தனை நேரம் இருக்க முடியும்? காலின் பாரமே போதும், பிரேக் லேசாக உரசிக்கொண்டே வரும். ஓட்டுகிறவருக்கே தெரியாது. பின்னால் வருகிறவருக்குச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். எப்போதும் எரிகிற விளக்கை யாரும் மதிப்பதில்லை, நிஜமாகவே பிரேக் பிடிக்கும்போது வித்தியாசம் தெரியாது. மைலேஜ் குறையும், பிரேக் பேட் சீக்கிரம் தேயும். இதெல்லாம் பணத்தோடு போகிற நஷ்டம்.

சூடுதான் ஆளைக் கொல்லும். பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிற சாதனம், வேறொன்றும் இல்லை. 1,200 கிலோ காரை 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு தடவை நிறுத்தினால் கிட்டத்தட்ட மூன்று லட்சம் ஜூல் சூடு பிறக்கும். களி கிண்ட உலை வைப்போமே, அதில் ஏறக்குறைய ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு, ஒரே நிறுத்தத்தில். 25 டன் லாரியை 60-லிருந்து நிறுத்தினால் பதினோரு லிட்டர் கொதிக்கும். சமவெளியில் ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் காற்று பட்டு ஆறிவிடும். இறக்கத்தில் ஆறவே விடாமல் மிதித்துக்கொண்டு போனால் பேடும் டிஸ்க்கும் பழுக்கக் காயும், உரசும் பிடி குறையும். கார்களில் பிரேக் ஆயிலுக்கும் ஒரு எல்லை உண்டு. டாட் 3 என்கிற தரத்துப் பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது 205 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் உறிஞ்சிப் பழசானால் அது 140-க்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி நிற்கும், மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது.

தருமபுரிக்காரர்களுக்கு இதைப் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, தொப்பூர் கணவாய் இருக்கிறது. சேலம் போகிற பக்கம் இறக்கம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிவிட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிற லாரிகள் இரட்டைப் பாலத்துப் பக்கம் என்ன ஆகின்றன என்று எத்தனையோ காலையில் பேப்பரில் பார்த்திருக்கிறோம். நியூட்ரலில் மிச்சம் என்பதே இந்தக் காலத்து எஞ்சினுக்குப் பொருந்தாத கணக்கு. கியரில் போட்டுக் காலை எடுத்துவிட்டால் எஞ்சினுக்குப் போகிற எரிபொருளையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும், அந்த இழுப்பிலேயே வேகம் அடங்கும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவே எண்ணெய் குடிக்கும். ஆட்டோமேட்டிக் காரிலும் இதைச் செய்யலாம். ஏஎம்டியில் கைமுறைக்கு மாற்றி இரண்டாவது கியரோ மூன்றாவதோ, மற்ற வகையில் எல் அல்லது குறைந்த கியர். எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்கு என்பது பழைய டிரைவர் சொல். பிரேக்கைத் தேவைப்படும்போது அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுசாக விட்டு ஆறவிட வேண்டும். இடது கால் பெடல் மேல் படுத்திருந்தால் ஆறவிடுவது எங்கே?

ஏற்றத்துக்கு இரண்டு கால் வேண்டாமா என்று மாமா விடாமல் கேட்டார். வத்தல்மலை வளைவில் முன் வண்டி நின்றுவிட்டால், பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டருக்குப் போவதற்குள் வண்டி பின்னால் உருளுமே? உருளும். அதற்கு இருப்பது கைப்பிரேக். இழுத்து வைத்துக்கொண்டு, ஆக்சிலரேட்டர் கொடுத்து வண்டி முன்னால் போக முனைகிறதை உணர்ந்து விட வேண்டும். எட்டுப் போடக் கற்றுக்கொண்ட காலத்திலேயே இதைச் சொல்லித் தந்திருப்பார்கள். ஏற்றத்தில் சில நொடி தானாகப் பிரேக்கைப் பிடித்து வைக்கிற வசதி இப்போது பல கார்களில் வந்துவிட்டது. இன்னொரு விஷயம், புதிய கார்கள் பலவற்றில் இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தால் பிரேக்கின் பேச்சைத்தான் கம்ப்யூட்டர் கேட்கும், எஞ்சின் வலுவைக் குறைத்துவிடும். அதனால் இரண்டு காலால் ஏற்றத்தில் நிறுத்தி வைக்கிற வித்தையும் எல்லாக் காரிலும் பலிக்காது. ஏஎம்டியை ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் மட்டும் தாங்கி நிறுத்துவது இன்னும் மோசம், உள்ளே கிளட்ச் கருகும்.

மின்சாரக் காருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆக்சிலரேட்டரை விட்டாலே மோட்டார் சக்கரத்தைப் பிடித்து இழுத்துப் பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் அனுப்பும், நகரத்துக்குள் பிரேக்கைத் தொடும் வேலையே பாதியாகக் குறையும். ஆனால் பேட்டரி நிரம்பியிருந்தால் மின்சாரம் போய்ச் சேர இடமில்லை, அந்த இழுப்புக் குறைந்துபோகும். தருமபுரியில் முழுசாகச் சார்ஜ் போட்டுக்கொண்டு நேராகத் தொப்பூரில் இறங்கினால் இதைக் கவனிக்கலாம்.

இடது காலைப் பயன்படுத்தவே கூடாத சாபம் ஒன்றும் இல்லை. வலது காலை இழந்தவர்களுக்கு ஆக்சிலரேட்டரையே பிரேக்குக்கு இடப்பக்கம் மாற்றிப் பொருத்துகிறார்கள். கவனியுங்கள், அங்கேயும் ஒரே கால்தான் இரண்டு பெடலுக்கும். எந்தக் கால் என்பது மாறுகிறது, பூட்டு மாறவில்லை. பல வருஷமாக இரண்டு காலால் ஒழுங்காக ஓட்டி, காலையும் பெடல் மேல் படுக்கவிடாத ஆள் யாராவது இருந்தால் அவரைத் திருத்த நான் போகமாட்டேன். ஒரு நாள் ஒரு கால், மறுநாள் இரண்டு கால் என்று இருப்பவரிடம்தான் எனக்குப் பயம். மகன் வீட்டுக் கார் கிளட்ச் வண்டி, தன் வண்டி ஆட்டோமேட்டிக் என்று இரண்டையும் ஓட்டுகிறவருக்கு ஒற்றைக்கால் தவிர வேறு வழியே இல்லை.

பழகுவதற்கு எங்கள் ஊர் மைதானத்துக்குக் காலை ஆறு மணிக்குப் போனோம். ரப்பர் செருப்பைக் கழற்றி ஷூ போட வைத்தேன், பெரிய சண்டையே நடந்தது. டிரைவர் சீட்டுக்கு அடியில் உருண்டுகொண்டிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பின்னால் போட்டேன். அது பிரேக்குக்கு அடியில் போய் மாட்டினால் எத்தனை கால் இருந்தும் பயனில்லை. முதல் நாள் ஆக்சிலரேட்டரே இல்லை. டிரைவில் போட்டுப் பிரேக்கை விட்டால் வண்டி தானாக ஊர்ந்து போகும், வலது காலால் மெதுவாக நிறுத்தவேண்டும், அவ்வளவுதான். அத்தை மடியில் தண்ணீர் நிறைந்த தூக்குப்போசியோடு பின்னால் உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் தளும்பினால் மாமாவுக்கு மதியம் சாப்பாடு கிடையாது என்று அவரே விதி வைத்தார். மூன்றாவது நாள் தளும்பவில்லை.

போன வாரம் சேலத்தில் ஒரு கல்யாணம், மாமாதான் ஓட்டினார். பாளையம் சுங்கச்சாவடி தாண்டி இறக்கம் தொடங்கியதும் யாரும் சொல்லாமலே கைமுறைக்கு மாற்றி இரண்டாவது கியர் போட்டார். எஞ்சின் உறுமியது. நான் குனிந்து பார்த்தேன். இடது கால் மேடை மேல் ஊன்றியிருந்தது. கியர் மாறுகிறபோதெல்லாம் பெருவிரல் மட்டும் இல்லாத கிளட்சை அமுக்கி அமுக்கி எடுத்தது.

முன்னால் ஒரு பாரவண்டி. அதன் பின் விளக்கு ரெண்டும் சிவப்பாகவே இருந்தன, ஒரு வளைவு, ரெண்டு வளைவு, அணையவே இல்லை. மாமா ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். கருகின வாசனை உள்ளே வந்தது.

"கால எடுக்க மாட்டேங்கிறான் பாரு" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் பின்தங்கினார்.